பக்கத்து இருக்கையின் பெல்ட்

நீச்சல் குளத்தின் மேல், கிரேனில் தொங்கியது ஹெலிகாப்டரின் கூடு. எஞ்சின் கிடையாது, ஜன்னல்களும் இருக்கைகளும் மட்டும். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்ப்பவர்கள், ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் தப்பிப்பதற்கு இங்கேதான் பழக வேண்டும். நான் வேலைக்குத் திரும்ப இதில் மறுபடி தேற வேண்டும். புதிதாகச் சேர்ந்திருக்கும் என் மைத்துனனுக்கு இது முதல் தடவை.

போன வருடம் ஹெலிகாப்டர் கடலில் விழுந்ததில் நான் பிழைத்தேன். மேடையில் நர்ஸாக இருந்த என் மனைவி, இவனுடைய அக்கா, பிழைக்கவில்லை. "உயிர் போற நேரத்துலயும் மாப்பிள்ளை அவ பெல்ட்டைத்தான் முதல்ல கழட்டிவிட்டாரு" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். வீட்டில் சாப்பாட்டுக்கு முதல் தட்டு எனக்குத்தான்.

பயிற்சியாளர் உட்கார்ந்து காட்டினார்.

"ஒரு கை ஜன்னல் சட்டத்துல, ஒரு கை பெல்ட்டுல. கவுந்ததும் பஸ் ஸ்டாப்பிங் வந்துட்ட மாதிரி எந்திரிச்சிராதீங்க. ஆட்டம் நிக்கட்டும், அப்புறம் கழட்டுங்க."

"பக்கத்துல இருக்கறவங்க பெல்ட்டை?" மைத்துனன் என்னைப் பெருமையாகப் பார்த்தபடி கேட்டான்.

"தொடவே கூடாது தம்பி. அவரைப் பிடிச்சு வெச்சிருக்கறதே அதுதான். அவர் ஜன்னலைப் பிடிக்கறதுக்கு முன்னாடி கழட்டிவிட்டா மிதந்து எங்கயோ போயிருவாரு. நல்லது பண்றேன்னு ஆளைத் தொலைச்சிருவீங்க."

யாரோ சிரித்தார்கள். மைத்துனன் என் கையைப் பார்த்தான்.

அந்த விதி எனக்கு அன்றைக்கும் தெரியும். இருட்டில் அவள் கையைத் தேடினேன், கிடைத்தது பெல்ட். கழற்றினேன். அவள் மேலே போனாள். கவிழ்ந்த ஹெலிகாப்டரில் மேலே இருப்பது அதன் தரை, வழி இல்லை.

கூட்டில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவன். பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அத்தான், என் பெல்ட்டைத் தொடாதீங்க."

"ம்."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கூடு கவிழ்ந்தது. மூக்கில் குளோரின் ஏறியது. அவன் தோள் என்மேல் இடித்தது. என் கை பக்கவாட்டில் நகரப் பார்த்தது. அதை என் பெல்ட்டிலேயே அழுத்தி வைத்தேன். ஆட்டம் நின்றது. கழற்றினேன், வெளியே வந்தேன். அவ்வளவுதான். அவ்வளவு எளிது.

அவன் தலை மேலே வரும்வரை நான் மூச்சு விடவில்லை. வந்தான். இருமிக்கொண்டே என் பக்கத்தில் குளத்தோரக் கம்பியைப் பிடித்தான்.

நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம் அத்தான்," என்றான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு மிச்சம் இருக்கறது அந்த நெனப்பு ஒண்ணுதான்."

தலையாட்டினேன். வீட்டில் முதல் தட்டு எனக்காகக் காத்திருக்கும்.