அதிகமாக அரைத்த பொடி

பீங்கான் பட்டறையில் அழுத்து மிஷின் ஓட்டும் அண்ணிக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை. அச்சுக்குள் பொடியைக் கொட்டினால் அது குருணை மாதிரி சரசரவென்று இறங்கி உட்கார வேண்டும், செல்லங்களா. அன்றைக்கு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. அச்சின் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அழுத்தினால் புஸ்ஸென்று முகத்தில் புகைந்தது. அழுத்தி வெளியே வந்த பீங்கான் குழாயோ வழவழவென்று அத்தனை அழகு. கையில் எடுத்தாள். மேல்பாதி, டப்பா மூடி போல, தனியாகக் கழன்று வந்தது.

பொடி அரைக்கிறவள் அவளுடைய நாத்தனார். எல்லாருக்கும் அவள் சிட்டு.

"ஏண்டி சிட்டு, இதை எவ்வளவு நேரம் அரைச்சே?"

"போன வாரம் சாப்பிடப் போனப்ப மிஷினை நிறுத்தலை அண்ணி. நைஸா இருந்தா நல்லதுதானேன்னு விட்டுட்டேன். கன்னத்துல பூசிக்கலாம் போல வந்துச்சு!"

"பூசிக்க, நல்லா பூசிக்க! இவ்வளவு நைஸா அரைச்சா நடுவுல மாட்டின காத்து எப்படிடி வெளியே போகும்? உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டு நிக்கும், கண்ணுக்கே தெரியாது." சொல்லும்போதே அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "இந்தப் பொடியில வேற யாராவது குழாய் போட்டாங்களா?"

"அப்பவே அடுத்த ஷிஃப்ட்காரங்க போட்டாங்க. சூளையில சுட்டும் வந்துடுச்சு. இப்ப அண்ணன்தான் அதை..."



சுட்ட குழாய்க்குள் காற்றை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது அண்ணனின் வேலை. கம்பிக் கூண்டை மூடிவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டியதை, இந்த மனுஷன் கூண்டைத் திறந்து குழாய்ப்பக்கம் காதைக் கொண்டுபோவார், கசிகிறதா என்று கேட்க. பெண்டாட்டி போடாத சண்டையில்லை. "என் காதைவிட அந்த மீட்டர் பெருசா?" என்பார்.

இரண்டு பேரும் ஓடினார்கள். சோதனை அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே பம்ப் போடும் இரைச்சலில் தட்டுவது யாருக்குக் கேட்கும்? சின்னக் கண்ணாடி வழியே அவர் முதுகு தெரிந்தது.

முதுகு மெல்லக் குனிந்தது.

"அண்ணா!" சிட்டு தொண்டை கிழியக் கத்தினாள். அவர் திரும்பவில்லை.

அண்ணி சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சைப் பிடித்து இழுத்தாள். பட்டறை முழுக்க இருண்டது. பம்ப் முனகி அடங்கியது. உள்ளே திட்டிக்கொண்டே நடக்கும் செருப்புச் சத்தம். தாழ் விலகியது.

"எந்தப் புண்ணியவான்டா கரண்டை..."

அண்ணி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"விடுடி, பொத்தான் போயிடும்..."

பம்ப் நின்றால் என்ன, ஏற்றிய காற்று குழாய்க்குள்தானே இருந்தது! உள்ளே அது வெடித்தது. பாதி மூடிய கதவில் சில்லுகள் கல்மாரியாக வந்து அறைந்தன.

அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டார். கண், காது, மறுபடி கண். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் அவர் வாய்க்குப் போகவில்லை, தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது.

சுவரோரம் ஒண்டி நின்ற தங்கையைப் பார்த்தார். "சிட்டு, இங்க வா. இதைக் கொஞ்சம் பிடி. என்னால முடியலை."

அவள் வந்து பிடித்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை விடவில்லை.