சத்தமில்லாத சடுகுடு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் குன்றக்குடி முருகன் சொன்னவன் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும். அதற்காக அவன் மலையிறங்கி வருவானா என்பது வேறு விஷயம்.

அறுபத்தெட்டாம் வருஷம் வரை சோணை சடுகுடு பாடிப் போனால் கண்டனூர் வரை கேட்கும். அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வௌவால்கள் இடம் மாறித் தொங்கும். அப்பேர்ப்பட்ட தொண்டையில்தான் புற்று வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கதிர் பாய்ச்சி, ஊர்ச் சொல்லில் கரண்டு வைத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே குரலும் கரைந்து, வெறும் காற்றுதான் மிஞ்சியது. "இனிப் பயமில்லை" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

கம்பங்கூழும் ஆட்டுக்கால் சாறுமாக ஒரே வருஷத்தில் தொடை முறுக்கேறிவிட்டது. கண்மாய்க்கரையில் அவன் ஓடினால், துரத்தி வந்த நாய்கள் பாதியில் படுத்துவிடும். ஆனால் சடுகுடு நடக்கும் மந்தைப் பக்கம் மட்டும் தலைகாட்ட மாட்டான். கை சும்மாச் சும்மாத் தொண்டையைத் தடவிக் கட்டியைத் தேடும்.

பெண்டாட்டி அக்கம்மாள் பொறுத்துப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில தொண்டைய மட்டுந்தான் குடுத்துட்டு வந்தீகன்னு நெனச்சேன். மீசையவும் குடுத்துட்டா வந்தீக?"

"பாட்டு வரலையே. மந்தையே சிரிக்கும்," என்று புருஷன் காற்றாய்ச் சொன்னான்.

"மூச்சு வருதுல்ல? போங்க."

மாசித் திருவிழாவில் நேமத்தான்பட்டியோடு ஆட்டம். இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டுக்குச் சோணை எழுந்தான். எதிரணித் தலைவன் தங்கச்சாமி இடுப்பில் கைவைத்தான்.

"ஏ மாப்ளே, பாடப்போறியா, ரகசியம் சொல்லப்போறியா?" பிறகு தன் ஆட்களிடம், "காதைத் தீட்டிக்கிட்டு நில்லுங்கடா. பாட்டு நின்னதும் அமுக்கிருங்க."

சோணை நடுக்கோட்டைத் தாண்டினான். உதடு அசைந்தது. சுளகில் எறும்பு நடக்கிற சத்தம். அது நிற்கிறதா என்று கேட்க ஏழு பேரும் மூச்சை அடக்கினார்கள். மந்தையே அடக்கியது. கடலை வறுத்தவன் கரண்டியை நிறுத்திவிட்டான்.

கண்மாய்க்கரையில் ஓடிய நெஞ்சில் மூச்சு லேசில் தீருமா? முதலில் தங்கச்சாமியின் முகம் கத்தரிக்காயானது. பின் ஏழு பேரும் பனம்பழமாய்ப் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். சோணை ஆற அமர ஒவ்வொருவனையும் தொட்டு, ஒருவனுக்கு அவிழ்ந்த வேட்டியைப் போர்த்திவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். அங்கே நின்று மூச்சு வாங்கினான். மதுரைக்குப் போனதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அக்கம்மாள் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னாள்.

தங்கச்சாமி தெளிந்து எழுந்ததும் தன் தொண்டையைச் சுட்டிச் சுட்டிக் கத்தினான்: "அவென் பாட்டு எப்பவோ விட்டுப்போச்சு! நடுவரண்ணே, சொல்லுங்க!"

ஆட்டம் முழுக்கச் சோணையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நடுவர் மலையாண்டி கையை உயர்த்தினார். "பாட்டு விடவேயில்ல. கணீர்னு கேட்டுச்சு."

அன்று வீடு போகும் வழியில் சோணையின் கை தொண்டையை மறந்து, அக்கம்மாள் வாங்கிய கடலைப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

மலையாண்டிக்கு முந்தின கோடையில், கிணற்றுக்கு வெடி வைத்தபோதே, இரண்டு காதும் போய்விட்டது.