இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு ஜோடி

யல்மாரி அன்று காலை நான்கு நிமிடம் பேசாமல் இருந்தான். அந்த நான்கு நிமிடமும் அவன் வாயில் ஏலக்காய் ரொட்டி இருந்தது.

எங்கள் இளைஞர் பட்டறை ஔலு நகரில் ஒரு பழைய டயர் கடைக்குள் நடக்கிறது. பள்ளியை விட்டவர்கள் வருகிறார்கள். சிலர் சைக்கிள் பழுது பார்க்கிறார்கள், சிலர் மேசை செய்கிறார்கள். கம்ப்யூட்டர் மூலையில் நானும் யல்மாரியும். கம்ப்யூட்டரோடு பேச வேண்டியதில்லை என்றுதான் நான் அந்த மூலையைக் கேட்டு வாங்கினேன். பொறுப்பாளர் ரெய்மாவுக்கு ஒரு விதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. எந்த வேலையையும் இருவர் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் கையில் கீபோர்டு. அவர் சொந்தமாக ஒரு எழுத்துகூட அடிக்கக் கூடாது. மற்றவர் வாயால் சொல்ல வேண்டும். முட்டை வேகவைக்கும் டைமர் கால் மணிக்கு ஒரு முறை அடிக்கும். உடனே இடம் மாற வேண்டும்.

வாயால் சொல்லும் முறை எனக்கு வரும்போது நான் காகிதத்தில் எழுதி நீட்டுவேன். யல்மாரி அதைப் பார்த்து அடிப்பான். ரெய்மா அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அப்படி இருக்கவில்லை.

"ஊர்ல ஒரு கம்பெனி பயிற்சிக்கு ஒரு ஜோடி எடுக்கறாங்க," என்றார் ரெய்மா. "ஒரு புதிர் அனுப்பியிருக்காங்க. விடையை ஒரே ஒரு தடவைதான் போட முடியும். தப்பாப் போட்டா அடுத்தது ஆகஸ்ட்ல. இன்னிக்குக் காகிதம் கிடையாது, ஓனா."

ஆகஸ்ட் வரை எனக்கு அவகாசம் இல்லை. ஜனவரிக்குள் எங்காவது இடம் கிடைக்காவிட்டால் மறுபடி பள்ளிக்குப் போக வேண்டும் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். நான் இரண்டு முறை எழுந்து நின்றிருக்கிறேன். இரண்டு முறையும் வாசிக்கவில்லை.

புதிர் சின்னதுதான். எண்ணூறு எண்கள் கொண்ட ஒரு பட்டியல். அதில் கூட்டினால் ஐயாயிரம் வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடித்து, அவற்றைப் பெருக்கி, விடையைப் பெட்டியில் போட வேண்டும்.

முதலில் கீபோர்டு என்னிடம். யல்மாரி சொன்னான். அவன் குவோப்பியோக்காரன். அந்தப் பக்கத்து ஆட்கள் வாயைத் திறந்தால், புரிந்துகொள்ளும் பொறுப்பு கேட்பவர் தலையில்.

"ஒரு லூப் போடலாம், போடாமலும் இருக்கலாம். போட்டா அதுக்குள்ள இன்னொண்ணு போட்டாலும் தப்பில்ல. ஒவ்வொரு எண்ணையும் எல்லா எண்ணோடயும் கூட்டிப் பாரு. ஐயாயிரம் வந்தா வந்ததுதான், அங்கயே முடிச்சுடு."

பட்டியலை ஒவ்வொரு எண்ணாகச் சுற்றிவரும் ஒரு லூப், அதற்குள் இன்னொன்று என்று சொன்னபடி அடித்தேன். ஓடவிட்டதும் திரையில் வந்தது: 2500, 2500.

"அடேயப்பா, என்ன அழகு! சரிபாதி! பெருக்கினா அறுபத்திரண்டு லட்சத்து ஐம்பதாயிரம். நானே போட்டுடறேன், கீபோர்டைக் கொடு."

டைமர் அடித்தது. கீபோர்டு அவனிடம் போனது.

எனக்கு ஏதோ உறுத்தியது. பட்டியலை மேலிருந்து பார்த்தேன். நாற்பத்தோராவது வரியில் ஒரு 2500 இருந்தது. கடைசி வரை தேடினேன். இன்னொன்று இல்லை. நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த ஒரே எண்ணை எடுத்து, அதையே அதனோடு கூட்டி, ஜோடி கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தது.

யல்மாரி விதியை மறந்து, நான் சொல்லாமலே பெட்டியில் ஆறு, இரண்டு, ஐந்து என்று அடிக்கத் தொடங்கினான். கை தானாகப் பேனாவைத் தேடியது. ரெய்மா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

ஆறு, இரண்டு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம்.

"நிறுத்து," என்றேன்.

யல்மாரி யார் பேசியது என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"அது ஒரே ஒரு எண்தான். தன்னோட தானே ஜோடி சேர்ந்திருக்கு. உள் லூப் முதல்லேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது. வெளி லூப் நிக்கற இடம் ஐ. அதுக்கு அடுத்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"உனக்குக் குரல் இருக்கா?"

"அடி," என்றேன். "ஐ கூட்டல் ஒண்ணு."

"மூணு மாசமா என் பக்கத்துல உக்காந்திருக்கே. நான் உனக்குத் தொண்டையில ஏதோ ஆபரேஷன்னு நினைச்சு, சாக்லேட் எல்லாம் கொடுத்தேனே!"

"நல்லாத்தான் இருந்துது. அடி."

அடித்தான். ஓடவிட்டான். 1873, 3127. இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடச் சொன்னேன். இருந்தன. பெருக்கச் சொன்னேன். பெட்டியில் இருந்ததை அழித்துவிட்டு ஐந்து, எட்டு, ஐந்து, ஆறு, எட்டு, ஏழு, ஒன்று என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவன் சொந்தமாக ஒன்றும் சேர்க்கவில்லை.

"சரியா இருக்குமா?" என்றான்.

"இருக்கும்னு இல்ல. இருக்கு."

'சரி' என்று பச்சை எழுத்தில் வந்தது. நாங்கள் யாரும் கைதட்டவில்லை. ரெய்மா காபி ஊற்றினார். பிறகு அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தார். நடுநடுவே "ம்" என்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை வரச் சொல்றாங்க. அங்கயும் இதே மாதிரி ஜோடி வேலைதான், தினமும் ஏழரை மணி நேரம். பாதி நேரம் நீ பேசணும். என்ன சொல்லட்டும்?"

ரெய்மா அவசரப்படுத்தவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்றே முக்கால் மணி நேரப் பேச்சு. ஆனால் ஐ கூட்டல் ஒண்ணு மாதிரியான பேச்சு. எழுந்து நிற்கவும் வேண்டாம்.

"வர்றோம்னு சொல்லுங்க," என்றேன். "ஆனா காபி நேரத்துல யாரும் என்கிட்டப் பேசக் கூடாது."

ரெய்மா அதை ஒரு வார்த்தை மாற்றாமல் போனில் சொன்னார். சற்று நேரம் கேட்டுவிட்டு வைத்தார்.

"அங்க காபி நேரத்துல யாருமே பேசறதில்லையாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. யல்மாரிதான் முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தான்.

"யாருமேவா?" என்றான்.