தொடாத பொம்மைகள்

எங்கள் வீட்டு முன்னறையில் நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு அரசு மானியம் தரலாமா என்று பார்க்க, அன்று காலை ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. மானியம் வந்தால்தான் ஒழுகும் கூரையை மாற்ற முடியும். வாளி வைத்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. விடிந்ததிலிருந்து எனக்கும் நாத்தனாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொம்மைகளைக் கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கினோம். எந்தப் பிள்ளை கை நீட்டினாலும், "தொடாதே, ஆபீசரம்மா வர்றாங்க" என்று அதட்டினேன்.

அந்த அம்மா வந்து பார்த்தபோது பிள்ளைகள் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாளென்றால் தெருமுனை வரை சத்தம் கேட்கும்.

"பிள்ளைங்க எப்பவும் இப்படித்தான் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ இல்லைங்க, வீட்டையே ரெண்டு பண்ணிடுவாங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. பிள்ளைகளை அடிக்கிறவளோ என்பதுபோல் என் கையையே பார்த்தார்.

நாத்தனார் கண்ணைக் காட்ட, கூடையை அப்படியே தரையில் கவிழ்த்தேன். "விளையாடுங்கடா செல்லங்களா" என்று சிரித்தும் பார்த்தேன்.

ஒருவரும் அசையவில்லை. வாலு என்று நாங்கள் கூப்பிடும் குட்டி மட்டும் எழுந்து வந்தாள். அப்பாடா என்றிருந்தது. அவள் அதிகாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கவுனில் துடைத்து, கூடைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.