மூன்று பேருக்கும் ஒரே ஜன்னல்

திரைச்சீலைக்காரியின் பட்டறையில் யாரையும் கேள்வி கேட்டு வேலைக்கு எடுப்பதில்லை. வந்தவர் கையில் ஒரு தலையணை உறையைக் கொடுப்பாள். தைத்து முடித்ததும் கூலியைக் கொடுத்துவிட்டு, உறையைப் புரட்டித் தையலைப் பார்ப்பாள். வாய் கிழியப் பேசுகிறவர்களின் தையல்தான் முதலில் பிரியும் என்பது அவள் கண்ட அனுபவம். இணையதளம் செய்ய ஆள் தேடியபோதும் அதையே செய்யப்போவதாகச் சொன்னாள்.

கொழுந்தனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன். இந்த விஷயத்தில் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். வேலையைத் தனியாக எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்ஸ் ப்ரோகிராமர்கள் வரிசையில் நிற்கிறார்கள், இருப்பதிலேயே குறைவாகக் கேட்பவனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றான். அவளால் அப்படி முடியாது. புது மெஷினுக்கென்று ஒதுக்கியதைத்தான் இதில் போடுகிறாள். ஒரு தடவை சொதப்பினால் மறுதடவைக்குக் கையில் எதுவும் இல்லை.

மூன்று பேரைப் பொறுக்கினாள். மூவருக்கும் ஒரே வேலை, கூலியும் உண்டு. ஜன்னலின் அகலமும் உயரமும் போட்டால் எவ்வளவு துணி வேண்டும் என்று காட்டும் ஒரே ஒரு பக்கம். கணக்கை அவளே எழுதி அனுப்பினாள்.

கொழுந்தன் கைகாட்டிய ஆள் மறுநாளே முடித்துக் கொடுத்தான். வண்ணமெல்லாம் கண்ணைப் பறித்தது. இரண்டாவது ஆளும் சொன்ன நாளில், சொன்னது சொன்னபடி அனுப்பிவிட்டான். மூன்றாமவள் எதையும் அனுப்பவில்லை; போன் செய்தாள்.

"அக்கா, எங்க வீட்டு ஜன்னலையே அளந்து உங்க கணக்குல போட்டுப் பார்த்தேன். ஜன்னல் அகலத்துக்குத்தான் துணி வருது. அதை மாட்டினா மடிப்பே விழாதே, பலகை மாதிரி நிக்கும். இப்படித்தான் வேணுமா?"

திரைச்சீலைக்காரிக்குச் சுரீர் என்றது. அகலத்தைப் போல இரண்டு பங்கு துணி எடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாகக் கை தானாகச் செய்கிற கணக்கு, எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கே வரவில்லை. அந்தப் பக்கத்தை நம்பி ஆர்டர் எடுத்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

வேலை இவளுக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். கூலியைப் பற்றியும் பேசினார்கள். படங்களுக்கும் விலாசத்துக்கும் ரெடிமேட் பக்கங்களே போதும், இந்தக் கணக்கை மட்டும் புதிதாக எழுதலாம், அவள் ஒதுக்கியதற்குள் அடங்கிவிடும் என்றாள் அந்தப் பெண்.

விஷயத்தைக் கேட்ட கொழுந்தன் வாயைப் பிளந்தான். "அண்ணி, நீங்க பலே ஆளு. வேணும்னேதானே தப்பா எழுதிக் குடுத்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அந்த வீட்டில் அவள் கொடி ஆயுசுக்கும் பறந்திருக்கும். ஆட்டத்தான் ஆசையாகவும் இருந்தது.

"இல்லப்பா, மறந்துட்டேன். இன்னும் என்னென்ன மறந்திருக்கேன்னு எனக்கே தெரியல. அதுக்குத்தான் அவ வேணும்."