வித்தல் பிரேசிலும் அழகம்மாவின் பாம்பும்

அந்தப் பாடத்தை நான் நன்றாகத்தான் படிப்பித்தேன். அதுதான் வினையாகப் போனது.

விஞ்ஞான தினத்துக்காக வலயக் கல்விப் பணிமனையில் சீட்டுக் குலுக்கி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கண்டம் என்று பங்கு வைத்தார்கள். ஐரோப்பா கிடைத்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது தென்னமெரிக்கா. பத்தாம் வகுப்பில் போய் அறிவித்தபோது, "அங்க பந்தடிக்கிற ஆக்கள்தானே ரீச்சர் இருக்கினம், விஞ்ஞானிகளும் இருக்கினமோ?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு கிழமை கைத்தொலைபேசியோடு மல்லுக்கட்டினேன். பரிஸ் நகரத்து வானத்தில் ஆகாயக் கப்பல் ஓட்டிய பிரேசில்காரர், இதய சத்திரசிகிச்சையில் வழிகாட்டிய ஆர்ஜென்டீனா வைத்தியர், தொழுநோயோடு வாழ்நாள் முழுக்க மல்லாடிய வெனிசுவேலாக்காரர் என்று எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து, எட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

யதுர்ஷிகாவுக்கு விழுந்தவர் தன் நாட்டுப் பாம்புகளின் கடிக்கு மருந்து கண்டுபிடித்த வைத்தியர் வித்தல் பிரேசில். ஆளின் பெயரிலேயே நாடு இருக்கிறதே என்று வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டி வயலாக்கிய குடும்பம் அவளுடையது. தகப்பன் சங்கிலியும் தாய் அழகம்மாவும் விடிந்தால் வயலில்தான் நிற்பார்கள். பாம்பு அந்த வீட்டில் பகிடிக்குரிய விஷயம் இல்லை.

திங்கட்கிழமை, ஆசிரிய ஆலோசகர் ராஜரத்தினம் சேர் என் பாடத்தைப் பார்க்க வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. நூற்றிருபது வருடங்களுக்கு முன்னர், நாகத்தின் நஞ்சுக்கென்று ஐரோப்பாவில் செய்த மருந்து பிரேசில் பாம்புகளின் கடிக்குக் கேட்கவில்லை, ஏன் என்று தேடிப் பிடித்தவர் இவர்தான் என்றேன். அங்கத்தைய விவசாயிகள் பாம்பை உயிரோடு பிடித்து மரப்பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்புவார்கள், பதிலுக்கு அவர் மருந்து அனுப்புவார் என்றேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். 'பாம்பு எதுவோ, மருந்தும் அதற்குரியது' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டேன். ராஜரத்தினம் சேர் எழும்பி நின்று கைதட்டினார். மணியும் அடித்தது.

என் பாடக்குறிப்பில் இன்னும் ஒரு பந்தி மிச்சம் இருந்தது. அது அந்தக் காலத்துப் பிரேசில், இங்கே ஆஸ்பத்திரியில் கொடுப்பது நாகம், புடையன் என்று நாலு சாதிப் பாம்புக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து, எது கடித்தது என்பதை வைத்தியர் அறிகுறியைப் பார்த்தே தீர்மானிப்பார், ஆகவே பாம்பைத் தேடி நிற்காமல் உடனே போக வேண்டும். அவ்வளவுதான். கைதட்டலில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "மிச்சம் பிறகு" என்று சொல்லிவிட்டுச் சேரோடு தேத்தண்ணி குடிக்கப் போனேன். அடுத்த நாள் அமிலமும் காரமும். அந்தப் பந்தியை நான் மறந்தே போனேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ரஜிதா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். யதுர்ஷிகாவின் பக்கத்து வீட்டுப் பிள்ளை. சைக்கிள் மிதித்து வந்த களைப்பில் மூச்சு வாங்கியது.

"ரீச்சர், ஆய்வுகூடத்தில இருக்கிற பெரிய கண்ணாடிச் சாடியைத் தருவீங்களோ? மூடியோட வேணும்."

"ஏன், என்னத்துக்கு?"

"யதுர்ஷிகாட அம்மாவுக்குப் பாம்பு கடிச்சிட்டுது. பாம்பைப் போட."

"இப்ப அவா எங்க?"

"வயல்ல. ஓட்டோவும் வந்து நிக்குது. பாம்பைத்தான் இன்னும் பிடிக்கேல்ல. பாம்பு இல்லாமல் போனால் எந்த மருந்து குடுக்கிறதெண்டு தெரியாது எண்டு யதுர்ஷிகா எல்லாருக்கும் விளங்கப்படுத்தினவள் ரீச்சர். நீங்கள் சொன்னதை அப்பிடியே சொன்னவள்."

அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. கெட்டிக்காரி என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து நின்றாள்.

வரவு இடாப்பில் இருந்த சங்கிலியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். அடித்தது, அடித்து நின்றது. மறுபடியும் எடுத்தேன். வரம்பில் கழற்றி வைத்த சட்டைப்பைக்குள் கிடந்து அடிக்கிறது போலும். அதிபரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், ரஜிதாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டேன், எட்டரை என்றாள். நாற்பது நிமிடம் போய்விட்டது. வாய்க்கால் ரோட்டில் குழிக்கும் கிடங்குக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு கிடங்கிலும் என்னையே நான் திட்டிக்கொண்டு போனேன். தேத்தண்ணி குடிக்கப் போனவளே, கைதட்டுக்கு ஆசைப்பட்டவளே.

ஓட்டோ வரம்போரம் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அழகம்மா காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி, வைக்கோல் குவியலை ஐந்தாறு பேர் நீட்டுத் தடிகளால் கிளறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் யதுர்ஷிகா பள்ளிக்கூடச் சீருடையோடு, கையில் விஞ்ஞானக் கொப்பியோடு நின்றாள்.

"அடிச்சுப் போடாதேங்கோ! உயிரோட வேணும்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நான் அழகம்மாவிடம் ஓடினேன். அவர் வெளியே எட்டித் துப்பினார். மண்ணில் சிவப்பாக விழுந்தது.

"வெத்திலை போட்டனீங்களோ?"

"இல்லீங்க டீச்சர். காலையில இருந்து வாயில ஒண்ணும் வைக்கல. பல்லடியெல்லாம் கூசுது."

பல்முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. அது புடையன் நஞ்சின் அடையாளம் என்று எனக்குத் தெரியும்.

"விடுங்கோ பாம்பை! வந்து ஏறுங்கோ!" என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

சங்கிலி தடியோடு ஓடிவந்தார். "இன்னும் அஞ்சு நிமிசம் டீச்சர். இதுக்குள்ளதான் பூந்துச்சு. வெறுங்கையோட போனா அங்க என்ன மருந்து போடுவாங்க?"

"பாம்பு தேவையில்லை அண்ணை. மருந்து அங்க இருக்குது. முதல்ல ஏறுங்கோ!"

யதுர்ஷிகா என்னைப் பார்த்தாள், பிறகு கொப்பியைப் பார்த்தாள். "ரீச்சர், நீங்கள் திங்கக்கிழமை..."

"ஏறு எண்டு சொன்னனான்!" என்று அவள் மேல் பாய்ந்தேன். நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்த பிள்ளை மேல்தான் பாய்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இளம் வைத்தியர் ஒருவர் அழகம்மாவின் இமைகளைப் பார்த்தார், முரசைப் பார்த்தார், சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மேசையில் நிறுத்தி வைத்தார். இருபது நிமிடத்தில் அது உறைய வேண்டும், உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

"எத்தினை மணிக்குக் கடிச்சது?"

"எட்டரைக்கு" என்றார் சங்கிலி.

"எட்டரைக்கோ? இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

"பாம்பைத் தேடினனாங்கள்" என்றாள் யதுர்ஷிகா மெல்ல.

"எங்களுக்குப் பாம்பு தேவையில்லை, ஆள்தான் தேவை. இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தரேல்லையோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ரீச்சர் சொல்லித் தந்தவா டொக்டர். நான்தான் வடிவாக் கவனிக்கேல்ல."

வைத்தியர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். சங்கிலி மகளை முறைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, நான் சொல்லவில்லை என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது தடவையாகவும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன்.

இருபது நிமிடம் கழித்து வைத்தியர் குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. சேலைனோடு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். ஆறு மணித்தியாலம் கழித்துத்தான் மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

அந்த ஆறு மணித்தியாலத்தையும் எப்படிச் சொல்வது? விறாந்தை வாங்கில் இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அழகம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம் கண்டது, தாதிமார் ஓடினார்கள், சங்கிலி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மருந்துக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டுகிறது, சமாளிக்கலாம் என்றார்கள். நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். ஆனால் என் பயத்தில் பாதி அழகம்மாவுக்காக, மறுபாதி எனக்காகத்தான் இருந்தது. அவருக்கு ஏதும் ஆகி, கதை வெளியே போனால், வலயத்தில் என்ன சொல்வார்கள், ஊர் என்ன சொல்லும்? ஒரு மனுஷி உள்ளே உயிரோடு போராடிக்கொண்டிருக்க, நான் என் பெயரை நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நாலரைக்கு வைத்தியர் இன்னொரு குழாயோடு வந்தார். சரித்தார். அசையவில்லை. தலைகீழாகப் பிடித்தார். கறுத்த கட்டியாக அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"உறையுது. சிறுநீரகத்தை இன்னும் ரெண்டு மூண்டு நாள் பாக்கோணும். ஆனால் பெரிய கண்டம் தாண்டியாச்சு" என்றார்.

யதுர்ஷிகா தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். நான் பின்னால் போனேன்.

"யதுர்ஷிகா, அண்டைக்கு நான் அதைச் சொல்லேல்ல. நீ கவனிக்காமல் விடேல்ல. நான்தான் சொல்லாமல் விட்டனான்."

அவள் முகத்தைத் துடைத்தாள். "தெரியும் ரீச்சர். ஓட்டோவில வரேக்க கொப்பியைப் பாத்தனான். அதில இல்லை."

"பிறகேன் டொக்டரிட்ட அப்பிடிச் சொன்னனீ?"

"அப்பா பக்கத்தில நிண்டவர். உங்களில பிழை எண்டு தெரிஞ்சால் இனி உங்கட பாடத்துக்கு என்னை விடமாட்டார். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர்."

அப்படியே ஸ்கூட்டியை எடுக்கப் போயிருக்கலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் மூன்றாவது தடவையும் வாயை மூடிக்கொண்டு போனால் அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு கரும்பலகைக்கு முன்னால் நின்று சோக்கைத் தூக்குவது?

நோயாளர் விடுதி வாசலில் நின்ற சங்கிலி என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார். "நீங்க மட்டும் வரலேன்னா டீச்சர்..."

"அண்ணை, பாம்பைத் தேடச் சொன்ன மாதிரி ஆனது என்னாலதான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. தேடாமல் வரோணும் எண்டு சொல்ல வேண்டியதை நான் வகுப்பில சொல்லாமல் விட்டிட்டன்."

கூப்பிய கை மெல்ல இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே, மனைவியின் கட்டில் இருந்த பக்கம் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"புள்ளைக்கு மட்டும் இது தெரிய வேணாம் டீச்சர்" என்றார். "அது உங்கள ரொம்ப நம்பிக்கிட்டு இருக்கு."

பிள்ளைக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.