நேற்று அடித்த காற்று யாருக்குச் சொந்தம்

காற்றாடி அசையவில்லை. ஆனால் ஐஸ் கொட்டகைக்குள் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஊரையே சந்தேகப்பட ஜமுனாவுக்கு அந்தச் சத்தம் போதும்.

அவளுக்குச் சந்தேகம் புதிதல்ல. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையை வைத்தே யார் வலையில் என்ன விழுந்தது என்று சொல்லிவிடுவாள். ஆனால் இன்றைக்கு விஷயம் வேறு. இன்று அவள் குடும்பத்தின் பாடு. ஏரியில் யார் எந்த நாள் வலை விரிப்பது என்று சீட்டுப் போட்டு வைத்த முறை அது. கரையில் ஐஸ் மெஷினை ஓட்டப் புது மாதிரிக் காற்றாடி வந்ததும், குப்பத்துப் பஞ்சாயத்து அதே முறையை ஐஸுக்கும் வைத்துவிட்டது. யார் பாடோ, அன்றைய ஐஸ் அவர்களுக்கு. லேசான காற்றுக்கே அது கரண்ட் கொடுக்கிறது என்று தெரிந்ததும் பொன்னேரி ஐஸ் வண்டி வருவதையே நிறுத்திவிட்டது.

இப்போது கூடை நிறைய இறால். வெயில் ஏறினால் தலை கறுத்துவிடும், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

கொட்டகைக் கதவைத் தள்ளினாள். உள்ளே முனியன் தன் பெட்டியில் ஐஸை அள்ளிக்கொண்டிருந்தான்.

“இன்னா மாமா, காத்தே இல்ல, மெஷின் ஓடுது. எந்தக் கம்பத்துல கொக்கி போட்ட?”

“கொக்கியா? போன வாரம் கம்பெனிக்காரன் பேட்டரி வெச்சான்ல. நேத்து அடிச்ச காத்தெல்லாம் அதுக்குள்ள கீது. நேத்து யார் பாடு?”

“உன்னுது.”

“அப்ப காத்தும் என்னுதுதான். காத்துல வலையே விரிக்க முடியல. ஐஸாவது கிடைக்கட்டும். மச்சினன் படகு வந்தா அவனுக்கு விப்பேன்.”

ஜமுனா மெஷின் ஓட்டும் லோகேஷைப் பார்த்தாள். அவன் முனியன் வீட்டு டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நெஜந்தான்க்கா. காத்து இருக்கறப்போ சேத்து வெச்சு, இல்லாதப்போ குடுக்கும். யாருக்குக் குடுக்கணும்னு கம்பெனிக்காரன் சொல்லல” என்றான் லோகேஷ்.

சத்தம் கேட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் ஆதிநாராயணன் வந்தார். அன்றன்று அடிக்கும் காற்றுக்குத்தானே முறை வைத்தோம், பிடித்து வைத்த காற்றுக்கு வைக்கவில்லையே என்று காதைச் சொறிந்தார்.

“தலைவரே, நேத்து மாமா புடிக்காம வுட்ட இறால்தான் இன்னிக்கு என் கூடையில கீது. அத்தயும் அவருக்கே குடுத்துடவா?” என்றாள் ஜமுனா.

முனியன் கூடையைப் பார்த்த பார்வையில், கொடுத்தால் வாங்கிக்கொள்வான் போலிருந்தது.

“ஏரியில மிஞ்சறது அடுத்த பாடு யாருதோ அவங்களுக்குப் போவுது. பேட்டரியிலயும் அப்டித்தான்” என்று தலைவர் முடித்துவிட்டார். முனியன் பெட்டியை ஜமுனாவின் கூடையில் கவிழ்த்துக் கொட்டினான். இறால் பிழைத்தது.

ஜமுனாவின் பாடு அடுத்து வந்த நாளில் ஏரி கொந்தளிக்கிற காற்று. வலை வீட்டிலேயே கிடந்தது. வேறு யாராவது என்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார்கள். அவள் விடியற்காலையே கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பெட்டி நிறைந்தது, அண்டா நிறைந்தது, சோறு வடிக்கும் குண்டானும் நிறைந்தது. போடுவதற்கு ஒரு மீன் இல்லை.

“பேட்டரியில இன்னும் கீதா?” என்று லோகேஷைக் கேட்டாள்.

“கொஞ்சம் கீதுக்கா.”

“நாளைக்கு யார் பாடு?”

“ஜெபசெல்வி அக்காது.”

“அந்தக் கொஞ்சத்தயும் ஐஸாக்கிடு.”

ஐஸ் உருகி, வாசல் மணலை நனைத்து, ஏரிப் பக்கமாக ஓடியது. லோகேஷ் தலையை ஆட்டிக்கொண்டே டீயை உறிஞ்சினான். இந்தத் தடவை அது ஜமுனா வீட்டு டம்ளர்.